உப்புப் பார்க்காத சூப்பு

அந்த ஓட்டலுக்குள் நான் இரண்டு முறைதான் போயிருக்கிறேன். முதல் முறை போனபோது தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இரண்டாம் முறை வயிறு நிறையச் சாப்பிட்டேன். இரண்டு முறையும் என் மகள் அங்கே இல்லை.

சூரியநெல்லியிலிருந்து சின்னக்கானல் போகிற வழியில், ரோட்டுக்கு மேலே ஏலக்காட்டை ஒட்டி ஒரு பெரிய ரிசார்ட் இருக்கிறது. அதற்குள்ளேதான் அந்தத் தாய்லாந்துச் சாப்பாட்டு ஓட்டல். ரோட்டில் நின்று பார்த்தால் அதன் கண்ணாடிச் சுவர் தெரியும். அதற்குக் கீழே இறங்குகிற சரிவில் நான் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து கிள்ளியிருக்கிறேன். அப்போது அங்கே ஓட்டல் இல்லை. யூக்காலி மரங்கள் நின்றன. மழைக்கு நாங்கள் அந்த மரத்தடியில்தான் ஒதுங்குவோம்.

எனக்கு ஒரே மகள். அவள் ஆறாவது படிக்கும்போது அவளுடைய அப்பா இறந்துபோனார். பன்னிரண்டாவது முடித்து, அடிமாலியில் ஓட்டல் வேலைக்கான படிப்பு ஒரு வருடம் படித்துவிட்டு, அந்தத் தாய்லாந்து ஓட்டலில் பரிமாறுகிற வேலைக்குச் சேர்ந்தாள். கணுக்கால் வரைக்கும் ஊதா நிறத்தில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டச் சொல்வார்கள். காதோரம் ஒரு பூ வைக்க வேண்டும். யார் வந்தாலும் இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராகக் கூப்பித் தலையைத் தாழ்த்த வேண்டும். வீட்டுக்கு வந்து எனக்கு அதைச் செய்து காட்டினாள்.

"இதுக்குப் போயா ஒரு வருசம் படிச்ச? நாங்க கங்காணியப் பாத்தா படிக்காமலே இப்படித்தான கும்பிடுவோம்" என்றேன்.

"நீ பயந்துக்கிட்டுக் கும்பிட்ட. நான் சிரிச்சுக்கிட்டுக் கும்பிடணும். அதத்தான் ஒரு வருசம் சொல்லிக் குடுத்தாங்க" என்றாள்.

வேலை முடிந்து வந்தால் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டே வந்தவர்கள் கதையைச் சொல்வாள். ஒருத்தர் பச்சை நிறக் குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு, "இது வெறும் பச்சமொளகாச் சட்னில தேங்காப்பால் ஊத்துனது. இத என் பொண்டாட்டியே செய்வா" என்றாராம். பக்கத்தில் இருந்த பொண்டாட்டி, "பதினெட்டு வருசத்துல ஒருநாளும் நான் செஞ்சதில்லையே, யாருங்க அந்தப் பொண்டாட்டி?" என்று கேட்டாளாம். ஒட்டுகிற மாதிரி அவிக்கிற அரிசியைப் பார்த்து, சோறு குழைந்துவிட்டது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டாம். தயிர் சாதம் கேட்டுச் சண்டை போட்டவர்கள் உண்டாம். கதவைத் திறந்தபோது உள்ளே மூடுபனி வந்துவிட்டது என்று ஒரு அம்மா கத்தினாளாம். "பனியையும் நாங்கதான் அடுப்புல வச்சு எறக்குனோம்னு நெனச்சுட்டா போலம்மா" என்று சிரித்தாள். புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி சண்டை போட்டு, மாப்பிள்ளை எழுந்து போய்விட, பெண் அழுதுகொண்டே இரண்டு தட்டையும் சாப்பிட்டு முடித்தாளாம். அந்தப் பெண் கேட்காமலே இவள் இன்னொரு கிண்ணம் சூப்பு கொண்டுபோய் வைத்தாளாம்.

சாப்பிட்டு முடித்தவர்களிடம் ஒரு அட்டை கொடுப்பார்கள். சாப்பாடு எப்படி, கவனிப்பு எப்படி, பரிமாறினது யார் என்று அதில் எழுத வேண்டும். ஒரு மாதத்தில் யாருடைய பெயர் அதிகம் வருகிறதோ அவர் படத்தை வாசலில் மாட்டுவார்கள். என் மகள் படம் ஒருமுறையும் வாசலில் ஏறவில்லை. வந்தவர்கள் வாயால் புகழ்ந்துவிட்டு அட்டையில் பெயர் எழுதுகிற இடத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். இல்லையென்றால் 'அந்தப் பெண்' என்று எழுதிவிட்டுப் போவார்கள்.

"எம்மா, நீ ஒருநாள் வந்து உக்காரு. நான் பரிமாறுதேன். சாப்பிட்டு முடிச்சு அட்டைல எம்பேர எழுதிட்டுப் போ. நீ அஞ்சாங்கிளாஸ் படிச்சவதான, தமிழ்ல எழுது, போதும்."

"போட்டி அங்கிட்டு. கறை புடிச்ச கைய வச்சுக்கிட்டு நான் அங்க வந்து என்னத்த உக்கார?"

"ஒன் கைய யாரு பாக்கா? அங்க எல்லாவனும் செல்போனத்தான் பாக்கான்."

போகவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான். கல்யாண வீட்டில்கூடக் கடைசிப் பந்தியில் ஓரத்தில்தான் உட்காருவேன். நாலு பேர் பார்க்க ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, என் மகள் நின்று பரிமாற நான் சாப்பிடுவதை நினைத்தாலே எனக்கு உடம்பு கூசியது. ஒருநாள் அவள் டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போனாள். பச்சைக் கொக்கி வைத்த எவர்சில்வர் டப்பா. நான் அதைத் தூக்கிக்கொண்டு அந்த மேட்டில் ஏறினேன். வாட்ச்மேன் "உள்ள போய்க் குடுங்க" என்றார். "நீங்களே குடுத்துருங்க" என்று அவர் கையில் திணித்துவிட்டுத் திரும்பினேன். திரும்பும்போது கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தேன். இரண்டு கையிலும் தட்டோடு, இடுப்பால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அவளை வேலை செய்கிற இடத்தில் நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

இப்போது சூப்பைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் மழைக்காலம். ஒரு மாலையில் ஸ்வெட்டருக்குள் எதையோ அணைத்துக்கொண்டு நனைந்தபடி வந்தாள். ஒரு டப்பா. வழி முழுக்கச் சூடு ஆறாமல் நெஞ்சோடு சேர்த்துக் கொண்டுவந்திருக்கிறாள். அங்கே அவளுக்கு ரொம்பப் பிடித்த சூப்பு அது. வெள்ளையாகத் தேங்காய்ப்பால், உள்ளே காளான், நீளநீளமாக வெட்டின, எலுமிச்சை வாசம் அடிக்கிற இஞ்சிப்புல்.

மூடியைத் திறந்ததும் எனக்குக் குப்பென்று அடித்தது. எங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரியில் இஞ்சிப்புல்லிலிருந்து எடுக்கிற தைலத்தைத் தண்ணீரில் விட்டுத்தான் தரை துடைப்பார்கள். என் வீட்டுக்காரர் கடைசி மூன்று வாரம் அங்கேதான் கிடந்தார். அந்த வாசம் எனக்கு ஆகாது. அதைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

"இதென்னட்டி, தரை துடைக்கிற தைலத்த ஊத்துன மாதிரி இருக்கு. இதத்தான் காசு குடுத்துத் திங்கானுவளா?"

"ஒரு வாய் குடிச்சுப் பாரும்மா."

"எனக்குக் கொமட்டுது. நீ குடி."

அவள் பாதி குடித்தாள். மீதியை மூடி, "காலைல மனசு மாறுனா சுட வச்சுக் குடி" என்று அடுப்படியில் வைத்தாள். காலையில் நான் அதை எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கிற ஓடையில் ஊற்றினேன். திரும்பினால் வாயில் பிரஷ்ஷோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்த அந்த ஓடையிலேயே குனிந்து வாய் கொப்பளித்தாள். அதற்குப் பிறகு அங்கிருந்து ஒன்றும் கொண்டுவந்ததில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள். ஆறாம் நாள் அவள் இல்லை. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாமல் போன பெண்ணைக் கன்னியாகக் கும்பிடுவார்கள். வருடம் திரும்பியதும் வீட்டின் கன்னிமூலையில் விளக்கேற்றி, புதுப் பாவாடையும் கண்ணாடி வளையலும் பூவும் ஓலைப்பெட்டியில் வைத்து, அவளுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலை போடுவோம். என் அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலைக்கு வந்தபோது இந்தப் பழக்கமும் கூட வந்தது. கன்னிக்குச் சமைக்கிறதை உப்புப் பார்க்கக் கூடாது. நாக்கில் பட்டால் எச்சில். கொதிக்கிறதைக் குனிந்து மோந்துகூடப் பார்க்கமாட்டோம். கை அளவில் போட வேண்டியதுதான்.

என் வீட்டுக்காரரின் தங்கை அதே லயத்தில் கடைசி வீட்டில் இருக்கிறாள். இந்தக் காரியமெல்லாம் அவள் சொல்படிதான் நடக்கும். வருடம் திரும்ப நாலு நாள் இருக்கும்போது, சாமான் எழுதுவதற்கு வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லு மதினி, புள்ளைக்கு என்னென்ன பிடிக்கும்?"

"பொரிகடல. சீனி முட்டாயி. அப்பறம் தேங்கா போட்ட பச்சரிசி மாவு."

"அதெல்லாம் அவ பாவாட கட்டுன காலத்துல. வேலைக்குப் போயி வளந்த புள்ளைக்கு என்ன பிடிக்கும்? அதக் கேக்கேன்."

நான் யோசித்தேன். எவ்வளவு யோசித்தும் ஒன்றுதான் ஞாபகத்துக்கு வந்தது. வளர்ந்த பிறகு தனக்குப் பிடித்தது இது என்று அவள் என் முன்னால் கொண்டுவந்து வைத்தது ஒன்றே ஒன்றுதான்.

"அந்தத் தாய்லாந்து ஓட்டல் சூப்பு."

நாத்தனார் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "கன்னிக்குத் தாய்லாந்து சூப்பா? நம்ம வம்சத்துல எந்தக் கன்னி அதக் கேட்டா?"

"எந்தக் கன்னியும் அங்க வேல பாக்கலையே."

பேனாவை எடுத்து எழுதிக்கொண்டாள். "வாங்கு. ஆனா உப்புப் பாத்தது ஆகாது. அத மட்டும் கண்டிசனா சொல்லிரு. கட சாப்பாட்டக் கன்னிக்கு வச்சாங்கன்னு நாளைக்கு ஒருத்தி பேசக் கூடாது."

அன்று காலை பட்டினியாகக் குளித்து, புளி போட்டு விளக்கின தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஜீப்பில் போனேன். வாட்ச்மேன் மாறியிருந்தார். உள்ளே போய் ஒரு ஓரத்தில் நின்றேன். பரிமாறுகிறவர் ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும், மீசையில் இரண்டு நரை. மலையாளத்துக்காரர். கையைக் கூப்பி, தலையைத் தாழ்த்தினார். என் மகள் அடுப்படியில் நின்று செய்து காட்டின அதே கும்பிடு. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டதும் உட்கார்ந்துவிட்டேன். அவர் பேசத் தொடங்கியதும் எழுந்து நின்றேன். எஸ்டேட்டில் ஒருவர் நின்று பேசும்போது நாங்கள் உட்கார்ந்து பழகவில்லை.

"அம்மச்சி, நிங்க கஸ்டமராக்கும். நிக்கிறது என் ஜோலி. இருங்க."

உட்கார்ந்தேன். படம் போட்ட புத்தகத்தை விரித்து வைத்தார். வெள்ளைக் கிண்ணத்தில் புல் மிதக்கிற படத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"டாம் கா. நல்ல சாதனம். சிக்கனா, காளானா?"

"காளான். இந்தத் தூக்குல ஊத்திக் குடுங்க. அப்பறம்..." பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் இறால் ஓட்டை எடுக்கவில்லை என்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. "அப்பறம், செய்யிறவங்க உப்புப் பாக்காம செய்யணும். வாயில வச்சே பாக்கக் கூடாது."

"அய்யோ அம்மச்சி, டேஸ்டு பாக்காத சாதனம் ஷெப்பு வெளியே விடமாட்டாரு. அவரோட பேரு போகும்."

"அப்படின்னா வேண்டாம்" என்று மறுபடி எழுந்தேன். அவர் "இருங்க, இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வெள்ளைத் தொப்பியோடு சமையல்காரரே வெளியே வந்துவிட்டார். டார்ஜிலிங் பக்கத்துக்காரராம். குள்ளமான மனிதர். இந்தியில் என்னவோ கேட்டார்.

"யாரு சாப்பிடப் போறாங்கன்னு கேக்குறாரு" என்றார் மீசைக்காரர்.

"சாமி."

"எது சாமி?"

"பொண்ணு சாமி."

அதைச் சொல்லிவிட்டு நான் தரையைப் பார்த்தேன். இன்னாருடைய அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்ல முடியவில்லை. சொன்னால் அவர்கள் கண் கலங்குவார்கள், இல்லையென்றால் யார் என்று யோசிப்பார்கள். இரண்டில் எது நடந்தாலும் அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

சமையல்காரர் சொன்னதை மீசைக்காரர் சொன்னார். அவர் ஊரிலும் சாமிக்கு வைக்கிறதை நாக்கில் வைக்கமாட்டார்களாம். குளித்த கையோடு, வாயில் துணி கட்டிக்கொண்டு தனிச் சட்டியில் செய்து தருகிறாராம். "பட்சே அம்மச்சி, புளிப்போ உப்போ தெற்றிப் போனா எங்களக் குற்றம் சொல்லக் கூடாது, கேட்டோ? தாய்லாந்து சமையல் முழுக்க நாக்குல பாத்துப் பாத்துச் செய்யிறதாக்கும்."

தண்ணீர் வைத்தார்கள். விரதம் என்று குடிக்கவில்லை. தூக்குவாளி வந்ததும் மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். யார் கையும் படாமல் முந்தானையால் மூடிக்கொண்டேன்.

"ஆச்சி, தூக்குல என்ன, வாசம் தூக்குதே" என்றார் டிரைவர்.

"ரசம்."

"ரிசார்ட்டுல போயி ரசம் வாங்குற மொத ஆளு நீங்கதான் ஆச்சி. வீட்டுல புளி தீந்துபோச்சோ?" ஜீப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்குச் சிரிக்க முடிந்ததே என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

இலை போட்டோம். பொங்கல், மாவு, பொரிகடலை, சீனி மிட்டாய். நடுவில் ஒரு கிண்ணத்தில் சூப்பு. சூடம் காட்டிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து எல்லாரும் உள்ளே வந்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்தோம். சூப்பை நாத்தனார் உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சினாள். முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"மதினி, கசாயம் தோத்துப் போச்சு. இதையா அந்தப் புள்ள ஆசைப்பட்டுக் குடிச்சா?"

நான் குடித்தேன். புளிப்பு பல்லைக் கூசவைத்தது. உப்பு எங்கேயோ ஒரு மூலையில் இருந்தது. தேங்காய்ப்பால் மட்டும் நாக்கில் நின்றது. மற்றவர்கள் தொடவில்லை. மீதி முழுவதையும் நானே குடித்தேன். இஞ்சிப்புல்லையும் மென்று துப்பினேன். வாசம் அப்போதும் டிஸ்பென்சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஓடையில் ஊற்றவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்குத் தூக்கம் போயிற்று. இந்தச் சூப்பின் ருசியே இதுதானா, இல்லை நான் போட்ட கண்டிசனால் கெட்டதா என்று தெரியவில்லை. அவள் கொண்டுவந்தது நல்ல ருசியாக இருந்திருக்கும். அதை ஓடையில் விட்டேன். வருடம் திரும்பி வந்து உட்கார்ந்த பிள்ளைக்கு உப்புச் சேராததை வைத்து அனுப்பினேன். சாமிக்கு உப்புத் தெரியாது என்று நாத்தனார் சொன்னாள். இருக்கலாம். ஆனால் இவள் சாமியாகி ஒரு வருடம்தானே ஆகியிருந்தது.

இரண்டு மாதம் கழித்து மழை வெறித்த ஒருநாள் மத்தியானம் மறுபடி போனேன். இந்த முறை தூக்குவாளி இல்லை. பச்சைக் கொக்கி டிபன் பாக்ஸில் சோறு வைத்து, மேல்தட்டில் நார்த்தங்காய் ஊறுகாய் வைத்துக்கொண்டேன். சூப்பை மட்டும் குடித்தால் எனக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்காது. ஓட்டலுக்குள் வீட்டுச் சோற்றைக் கொண்டுபோகக் கூடாது என்பது எனக்குத் தெரியாது. நாங்கள் மலையில் எங்கே வேலைக்குப் போனாலும் சோறு கையில்தான் போகும்.

அதே மீசைக்காரர் வந்தார். கும்பிட்டார். நான் எழுந்திருக்காமல் பல்லைக் கடித்து உட்கார்ந்தே இருந்தேன்.

"அம்மச்சி, இன்னைக்கும் சாமிக்கா?"

"இல்ல. எனக்கு. நல்லா உப்புப் பாத்தே செய்யச் சொல்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே போனார். கிண்ணம் வந்தது. நான் மடியிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து மேசையில் வைத்துக் கொக்கியைத் திறந்தேன். "அம்மச்சி, இங்க வெளிச் சாப்பாடு..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். டப்பாவையே பார்த்தார். ஊறுகாய்த் துண்டைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"இந்த டிபன்..." என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

அவர் சுற்றும் பார்த்துவிட்டு, எதிர் நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். குரல் இறங்கிப்போயிற்று. "ஸ்டாஃப் சாப்பாட்டு நேரத்துல அவ இதுல இருந்துதான் சோறு எடுப்பா. இதே சூப்ப அது மேல விட்டு, நார்த்தங்கா தொட்டுக்கிட்டு ஒரு பிடி பிடிப்பா. தாய்லாந்துக்காரன் பாத்தா கேஸ் குடுப்பான்னு நாங்க கேலி பண்ணுவோம். ஊறுகா கேட்டா ஒரு நகத்துண்டு தருவா. 'எங்கம்மா போட்டது, இதுக்கு மேல தரமாட்டேன்'னு மூடி வச்சுருவா. பிசினாறி." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

நான் கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் வாய் கேட்டுவிட்டது. "ஒருநாள் வீட்டுக்கு இத எடுத்துட்டு வந்தா. எனக்கு. அதப் பத்தி ஏதும் சொன்னாளா?"

"சொன்னாளே. மறுநாள் வந்து ஷெப்புகிட்டயே போய்ச் சொன்னா. 'எங்கம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுது, மிச்சத்தக் காலைல சுட வச்சு முழுசும் குடிச்சிட்டாங்க'ன்னு. ஷெப்புக்குப் பெரிய சந்தோசம். தமிழ்நாட்டு அம்மாக்கே பிடிச்சுப்போச்சுன்னு ரெண்டு நாளு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு நடந்தாரு."

நான் சோற்றைப் பிசைந்தேன். அவர் விஷயம் புரிந்தவர். "சாப்பிடுங்க அம்மச்சி, சூடு ஆறும்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து மேசைக்குப் போய்விட்டார்.

சூப்பைச் சோற்றில் விட்டு, ஊறுகாயைத் தொட்டுச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. நான் இதை எழுதிவிட வேண்டும், நன்றாக இருந்தது. தேங்காய்ப்பாலின் தித்திப்புக்கும் எலுமிச்சைப் புளிப்புக்கும் நடுவில் உப்பு சரியாக வந்து நின்றது. நார்த்தங்காயின் கசப்பு அதோடு சேர்ந்தபோது இஞ்சிப்புல்லின் வாசம் டிஸ்பென்சரியை விட்டு வெளியே வந்துவிட்டது. காய்ச்சல் விட்டவளுக்குக் கொடுத்தால் இரண்டு பிடி கூடச் சாப்பிடுவாள். அப்படிப்பட்ட சாப்பாடு. நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிட்டேன். யாராவது என்னைப் பார்த்தார்களா என்று தெரியாது. டப்பாவில் ஒரு பருக்கை இல்லை.

கை கழுவி வந்தபோது மேசையில் அட்டை இருந்தது. மலையாளமும் இங்கிலீஷும். அவர் விரல் வைத்துப் படித்துச் சொன்னார். இது சாப்பாடு. இது கவனிப்பு. இது பரிமாறினவர் பெயர். அந்த இடத்தில் விரலை வைத்துவிட்டுக் கொஞ்சம் வெட்கத்தோடு தன் பெயரைச் சொன்னார். நான் எழுதத் தடுமாறுவேன் என்று நினைத்து இன்னொரு முறை எழுத்து எழுத்தாகச் சொன்னார். பதினோரு வருடமாக அங்கே இருக்கிறாராம். அவர் படமும் வாசலில் ஏறினதில்லையாம். "ஆளுங்க பேரு எழுத மறந்துபோகும் அம்மச்சி. மறந்தாச் சாரமில்ல, பரவால்ல" என்றார். என் மகளும் இதையேதான் சொல்வாள், வேறு வார்த்தையில்.

பேனாவை வாங்கினேன். சாப்பாட்டுக்கு நேராக, 'உப்பு சரியாக இருந்தது' என்று எழுதினேன். கவனிப்புக்கு நேராக, 'குறை இல்லை' என்று எழுதினேன். பெயருக்கு வந்தபோது அவர் சொன்ன பெயர் காதில் இருந்தது. அந்தப் பெயரின் முதல் எழுத்துகூட எனக்குத் தெரிந்த எழுத்துதான். ஆனால் கை வேறு பெயரை எழுதிற்று. என் மகள் பெயர். அவள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் நான் எழுதினதைப் போலவே, கோணலாக.

அவர் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது.

"என் பேரு தமிழ்ல இப்படியா இருக்கும்?" என்றார் சந்தோஷமாக.

"ஆமா" என்றேன்.

அவர் அதை மடிக்காமல் கொண்டுபோய் வாசலில் இருந்த பெட்டியில் போட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்து ஜீப்புக்காக நின்றேன். என் பிள்ளை எனக்காகச் சொன்ன பொய்யில் ஒரு மனுஷன் இரண்டு நாள் சந்தோஷப்பட்டார். நான் சொன்ன பொய்யில் இன்னொரு மனுஷன் சந்தோஷப்பட்டார். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. அது எனக்குத் தெரியும்.

இன்னொரு முறை போக வேண்டும். போய் உட்கார்ந்து, சாப்பிட்டு, அவர் பெயரை அவர் பெயராகவே எழுதிவிட்டு வர வேண்டும். ஒவ்வொரு வாரமும் டிபன் பாக்ஸைத் துடைத்து எடுத்து வைக்கிறேன். அந்த மேசையில் உட்கார்ந்து, அந்தக் கட்டத்தில் வேறு ஒருவர் பெயரை எழுதுவதற்கு இன்னும் எனக்குக் கை வரவில்லை.